பானெட் நசுங்கியது நல்லதற்குத்தான்

போன வாரம் திண்டிவனம் பக்கம் ஒரு ஸ்பாட் சர்வே, அதாவது இன்ஷூரன்ஸுக்காக விபத்து நடந்த இடத்திலேயே போய் சேதத்தைப் பார்க்கும் என் வேலை. சாலையின் நடுச்சுவரில் மோதிய கார். பானெட் கசங்கி, ரேடியேட்டர் இன்ஜின் வரை போய் ஒட்டியிருந்தது. உரிமையாளர் பக்கத்து டீக்கடையில் கையில் கிளாஸோடு உட்கார்ந்திருக்கிறார். தோளிலிருந்து நெஞ்சு வரை பெல்ட் அழுத்திய சிவப்புக் கோடு, வேறு காயமில்லை. என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்: "தகர டப்பா சார்! எங்கப்பாவோட அம்பாசிடரா இருந்தா ஒரு சொட்டை விழுந்திருக்குமா? கிளெய்ம் வரட்டும், பழைய அம்பாசிடர் ஒண்ணைப் பிடிக்கப் போறேன்."

இந்த மாதம் இப்படிச் சொன்ன மூன்றாவது ஆள் இவர்.

நான் போய் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தேன். சாதாரணமாகத் திறந்தது. விபத்து வண்டியில் நான் முதலில் பார்ப்பதே இதைத்தான். கதவு திறந்தால் ஆள் இருக்கும் கூடு கோணவில்லை என்று அர்த்தம்.

மணிக்கு 64 கிலோமீட்டரில் சுவரில் மோதுவதும், ஐந்து மாடி உயரத்திலிருந்து விழுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவ்வளவு வேகத்தையும் எதாவது ஒன்று வாங்கிக்கொண்டாக வேண்டும். வண்டியின் மூக்கு நசுங்கி வாங்கிக்கொண்டால் நீங்கள் அரை மீட்டர், முக்கால் மீட்டர் தூரத்தில் நிற்கிறீர்கள். நசுங்காவிட்டால் வண்டி சட்டென்று நிற்கும், நீங்கள் நிற்க மாட்டீர்கள். ஸ்டியரிங்தான் உங்களை நிறுத்தும். முன்பக்கம் கசங்க வேண்டும், உட்காரும் கூடு கசங்கக் கூடாது என்று மெர்சிடிஸ் பொறியாளர் பேலா பாரெனி 1950களின் தொடக்கத்திலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். 1959இல் அப்படி ஒரு கார் விற்பனைக்கும் வந்தது. இது மலிவுக்காகச் செய்த வேலை இல்லை ஐயா, யோசித்துச் செய்தது!

நம்பிக்கை வராதவர்கள் 2009இல் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு செய்த சோதனையின் வீடியோவைப் பாருங்கள். 1959 செவ்ரோலே பெல் ஏரையும் 2009 செவ்ரோலே மாலிபுவையும் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். பெல் ஏர் எவ்வளவு நீளம், எவ்வளவு இரும்பு! ஆனால் அதில் டிரைவர் உட்காரும் இடமே நொறுங்கிப்போனது. ஆளுக்குப் பதிலாக உட்காரவைத்த பொம்மையின் மேல் ஸ்டியரிங் ஏறியது. ஆள் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். மாலிபுவில் இருந்தவர் காலில் அடியோடு தப்பியிருப்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் விபத்தில் அடிபட்ட ஒரு பழைய பத்மினி காரைப் பார்த்தேன். பம்பர் வளைந்து, கிரில் உடைந்திருந்தது, அவ்வளவுதான். உள்ளே ஸ்டியரிங் வளையம் மட்டும் இரண்டாக மடிந்திருந்தது. டிங்கரிங்கில் நான்கு நாளில் வண்டியை நிமிர்த்திவிட்டார்கள். ஓட்டியவர் மருத்துவமனையிலேயே இறந்துபோனார்.

சரி, புதுசு என்றாலே பத்திரமா? இல்லை. கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும் குளோபல் என்கேப் அமைப்பு 2014இல் முதலில் சோதித்த ஐந்து இந்தியச் சிறிய கார்களின் ஏர்பேக் இல்லாத மாடல்களுக்கு, பெரியவர்களின் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. 2023 அக்டோபர் முதல் அதே மாதிரி நட்சத்திரம் கொடுக்க நமக்கே பாரத் என்கேப் இருக்கிறது. சன்ரூஃப் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால் நட்சத்திரத்தைக் கேளுங்கள், குழந்தைகளுக்கான மதிப்பெண்ணையும் சேர்த்து.

அப்புறம், நல்ல வண்டியை வாங்கி நாமே கெடுக்காமல் இருக்க வேண்டும். முன்னால் புல் பார் என்ற இரும்புத் தடுப்பை மாட்டினால் நசுங்க வேண்டிய இடம் நசுங்காது, ஏர்பேக் சென்சாரும் ஏமாறும். மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே அதைத் தடுத்தும் இன்னும் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் இருந்தால் இருக்கை மேல் கண்ட கண்ட உறையைப் போடாதீர்கள். அலாரத்தை ஏமாற்ற விற்கும் பெல்ட் கிளிப்பைத் தூக்கி எறியுங்கள். பெல்ட் இல்லாமல் ஏர்பேக் மட்டும் காப்பாற்றாது. முன்சீட்டில் மடியில் குழந்தை வேண்டவே வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். ஏர்பேக் வெடித்த வண்டியில் பெல்ட்டையும் மாற்ற வேண்டும். சில ஒர்க்ஷாப்களில் புது ஏர்பேக் போடாமல், ரெஸிஸ்டர் என்ற சின்ன மின்பாகம் ஒன்றை வைத்து எச்சரிக்கை விளக்கை மட்டும் அணைத்து அனுப்புகிறார்கள். பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

அம்பாசிடர் மேல் ஆசை இருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குள் மெதுவாக ஓட்டுங்கள். குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் ஏற வேண்டாம்.

திண்டிவனம் வண்டியில் அன்று பின்னால் யாரும் இல்லை. பார்த்தேன், பின்சீட் பெல்ட்டின் பக்கிள்கள் உறைக்கடியில் புதைந்து கிடந்தன. வாங்கிய நாளிலிருந்து யாரும் தொடவில்லை போல. உங்கள் வண்டியிலும் அப்படித்தான் இருக்கும். இன்றைக்கே கையை விட்டு வெளியே எடுத்து வையுங்கள்.