பிஎச் மீட்டர் தடுமாறினால் முதலில் மில்லிவோல்ட்டைப் பாருங்கள்

கரைசலின் அமில, காரத் தன்மையை அளக்கும் பிஎச் மீட்டர் தவறாகக் காட்டும்போது பழுது பெரும்பாலும் பெட்டிக்குள் இருப்பதில்லை, கரைசலில் முக்கும் எலக்ட்ரோடில்தான் இருக்கும். அதில் எந்தப் பகுதி கெட்டது என்பதைப் பிஎச் எண் சொல்லாது. திரையை மில்லிவோல்ட்டுக்கு மாற்றினால் தெரிந்துவிடும்.

எலக்ட்ரோடுக்குள் இரண்டு பாகங்கள் உண்டு. நுனியிலுள்ள மெல்லிய கண்ணாடிக் குமிழ், கரைசலின் ஹைட்ரஜன் அயனிகளுக்கு ஏற்ப மின்னழுத்தம் தருகிறது. பொட்டாசியம் குளோரைடு கரைசலில் (இதுவே உள்கரைசல்) மூழ்கிய வெள்ளிக் கம்பி, ஒப்பிட்டுப் பார்க்க மாறாத மின்னழுத்தத்தைத் தருகிறது. 25 டிகிரி செல்சியஸில் ஒரு பிஎச் அலகுக்கு 59.16 மில்லிவோல்ட் மாற வேண்டும். ஆகவே பிஎச் முன்பே தெரிந்த சோதனைக் கரைசல்களான பஃபர்களில், பஃபர் 7-இல் சுழியத்தை ஒட்டியும், பஃபர் 4-இல் ஏறத்தாழ +177 எனவும் வர வேண்டும்.

பஃபர் 7-இல் 30 மில்லிவோல்ட்டுக்கு மேல் விலகியும் இரண்டு பஃபருக்கும் இடைவெளி சரியாகவே இருந்தால், உள்கரைசல் நீர்த்துவிட்டது அல்லது மாசுபட்டுவிட்டது. அதை மாற்றுங்கள். (ஜெல் அடைத்து மூடிய வகைகளில் இதற்கு வழியில்லை.) இடைவெளி 168 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போனால் குமிழில் அழுக்கு படிந்திருக்கும், அல்லது அதற்கு வயதாகியிருக்கும். எல்லா பஃபரிலும் ஒரே எண் வந்தால் குமிழில் விரிசலோ எங்காவது ஷார்ட்டோ இருக்கும். அப்போது எலக்ட்ரோடைக் கழற்றி, மீட்டரில் எலக்ட்ரோடைச் செருகும் பிஎன்சி சாக்கெட்டில் நடுத்துளையையும் வெளிவளையத்தையும் சிறு கம்பியால் இணையுங்கள். 0 மில்லிவோல்ட் அசையாமல் நின்றால் மீட்டர் நலமே.

எண் நிலைக்காமல் மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பதுதான் அதிகம் காணும் தொல்லை. பலர் குமிழைக் குறைசொல்வார்கள். ஆனால் குற்றவாளி பெரும்பாலும் பக்கத்திலுள்ள சிறு பீங்கான் அடைப்புதான். அதன் நுண்துளைகள் வழியே உள்கரைசல் சிறிது சிறிதாகக் கசிந்தால்தான் மின்சுற்று முழுமையாகும். அளக்கும்போது நிரப்புத்துளையைத் திறந்து வைக்க வேண்டும். உள்கரைசலின் மட்டம் மாதிரியின் மட்டத்தைவிட உயரமாக இருக்க வேண்டும், இல்லையேல் மாதிரி உள்ளே புகும். துளைகள் அடைபட்டிருந்தால் அழுக்கைப் பார்த்து மருந்து: சுண்ணப் படிவுக்கு 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், புரதத்துக்கு அதே அமிலத்தில் கரைத்த பெப்சின், எண்ணெய்க்குச் சோப்புக் கரைசல், கறுத்த வெள்ளி சல்பைடுக்கு அமிலம் கலந்த தயோயூரியா. பிறகு நன்றாகக் கழுவி, உள்கரைசலைப் புதுப்பித்து, பொட்டாசியம் குளோரைடில் ஒரு மணி நேரமாவது ஊறவிடுங்கள்.

காய்ச்சி வடித்த நீரில் எலக்ட்ரோடைச் சேமிக்கவே கூடாது. குமிழின் மேலுள்ள நீரேறிய படலத்திலிருந்தும் பீங்கான் அடைப்பிலிருந்தும் அயனிகளை அது வெளியேற்றிவிடும். 3 மோலார் கரைசலே ஏற்றது: 22.4 கிராம் பொட்டாசியம் குளோரைடைக் கரைத்து 100 மில்லி ஆக்கிக்கொள்ளலாம். மூடியைச் சுற்றிப் படியும் வெள்ளை உப்பு பழுதல்ல, கழுவினால் போகும். காய்ந்துபோன குமிழ் இரவு முழுதும் ஊறினால் பெரும்பாலும் மீளும். துடைக்கும்போது தேய்க்காமல் டிஷ்யூவை ஒற்றி எடுங்கள். தேய்த்தால் நிலைமின் ஏறி, எண் வெகுநேரம் அலையும்.

பஃபர் 10 காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை உறிஞ்சித் தன் மதிப்பை இழக்கும். பயன்படுத்தியதைப் புட்டியில் திரும்ப ஊற்றாதீர்கள். தானியங்கி வெப்பத் திருத்தம் எலக்ட்ரோடின் சரிவை, அதாவது ஒரு பிஎச் அலகுக்கு மாறும் மில்லிவோல்ட்டை, மட்டுமே சரிசெய்யும். மாதிரியின் பிஎச் வெப்பத்தால் உண்மையிலேயே மாறுவதை அது ஈடுசெய்யாது. ஆகவே பதிவேட்டில் பிஎச்சுக்குப் பக்கத்தில் வெப்பநிலையும் இருக்க வேண்டும்.