அவார்டு என்றால் விருதா, தீர்ப்பா?

குன்னூரில் நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்குப் போன வாரம் மூன்று பேர் கேடயம் செய்யக் கொடுக்க வந்தார்கள். சினிமா ரசிகர்கள். நீலகிரியில் எடுத்த படங்களிலேயே சிறந்தது எது என்று தங்களுக்குள் ஓட்டுப் போட்டு, அந்தப் படத்தின் பெயரில் ஒரு கேடயம் செய்து, தாங்கள் கூடும் அறையில் மாட்டப் போகிறார்களாம். மேலே 'பெஸ்ட் ஃபிலிம் அவார்டு' என்று தமிழ் எழுத்தில் வேண்டும் என்றார்கள். "விருது என்றே போடலாமே" என்றேன். "அது வடமொழி இல்லையாண்ணா? சுத்தத் தமிழில் ஏதாவது சொல்லுங்க" என்றான் ஒருவன். மற்ற இருவரும் அதற்குள் எந்தப் படம் என்று சண்டையை ஆரம்பித்துவிட்டார்கள்.

ஓரத்தில் பேத்தியின் கல்யாணப் பத்திரிகைக்கு புரூஃப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் தலை நிமிர்ந்தார். தேயிலை எஸ்டேட்டில் ஆயுள் முழுக்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "அவார்டு வந்திருச்சா? எந்த எஸ்டேட்டுக்குப்பா?" என்று கேட்டார்.

பையன்கள் சிரித்தார்கள். ஆனால் சொல்லின் வயதைக் கணக்குப் பார்த்தால் பெரியவர் சொன்னதுதான் மூத்த பொருள். கூலி, போனஸ், வேலைநீக்கம் என்று தகராறு வந்து, பேச்சுவார்த்தை முறிந்து, விஷயம் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போனால், அங்கே வருகிற முடிவுக்குப் பெயர் அவார்டு. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் அந்தச் சொல்லைத்தான் வைத்திருந்தது. மலையில் தொழிற்சங்கக் கூட்டங்களுக்குப் போய் வந்த தலைமுறைக்கு அவார்டு என்றால் மேடையும் பொன்னாடையும் நினைவுக்கு வராது. கூலி எத்தனை ரூபாய் கூடியது என்பதுதான் வரும். ரோடு போட நிலம் எடுத்தால் அரசு நிர்ணயிக்கும் இழப்பீட்டு ஆணைக்கும் இதே பெயர். 2007 பிப்ரவரியில் காவிரி நடுவர் மன்றம் கொடுத்ததும் ஆங்கிலத்தில் அவார்டுதான். நம் பத்திரிகைகள் அதை 'இறுதித் தீர்ப்பு' என்று எழுதின. 'இறுதி விருது' என்று யாரும் எழுதவில்லை, நல்லவேளை.

பிரெஞ்சுக்காரர்களின் பழைய பேச்சில் 'எஸ்கார்டே' என்று ஒரு வினை இருந்தது. உற்றுப் பார், ஆராய்ந்து முடிவு செய் என்று பொருள். அதன் ஒரு கிளை, பிரான்சிலிருந்து போய் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் வழியாக அங்கே போய் 'அவார்டு' ஆயிற்று. முதலில் நடுவர் இரு தரப்பையும் பார்த்துச் சொல்லும் முடிவுக்குத்தான் அந்தப் பெயர். அந்த முடிவால் ஒருவருக்குக் கிடைக்கும் பொருளுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது பிறகு. இதன் வேரில் இருப்பது 'கவனித்துக் காவல் காத்தல்' என்ற கருத்து. ஆஸ்பத்திரி வார்டு, ரயில் கார்டு, ரிவார்டு எல்லாமே இந்தக் குடும்பத்தின் பங்காளிகள்.

இப்போது விருதுக்கு வருவோம். அகராதிகளில் இதற்குப் பட்டம், கொடி, வெற்றிச் சின்னம் என்றெல்லாம் பொருள் இருக்கிறது. அரசன் ஊர்வலம் போகும்போது முன்னால் பிடித்துப் போவது விருது. அவன் பெயருக்கு முன்னால் அடுக்கிச் சொல்லும் பட்டங்களும் விருது. தமிழ் பைபிளில் எண்ணாகமத்தில் ஒவ்வொரு வம்சமும் தன் 'விருதாகிய கொடி'யின் அருகில் கூடாரம் போடுவதாக வரும். விருதுநகரின் பழைய பெயர் விருதுபட்டி என்பதும் நமக்குத் தெரிந்ததே. ஆக, விருது என்பது அடிப்படையில் கையில் தாங்குகிற, ஊருக்குக் காட்டுகிற பொருள். குன்னூர் ஸ்டேஷனில் மலை ரயில் கிளம்பும்போது கார்டு பச்சைக்கொடி காட்டுகிறார் அல்லவா, அவார்டின் பங்காளி கையில் விருது இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம்.

வடமொழியா என்ற கேள்விக்கு: சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இதை 'பிருத' என்ற வடமொழிச் சொல்லோடுதான் சேர்க்கிறது. கன்னடத்திலும் தெலுங்கிலும் பட்டத்துக்கு 'பிருது' என்பார்கள். தென்னாட்டு அரண்மனைகள் எல்லாவற்றிலும் புழங்கிய சொல். என்னைக் கேட்டால், இத்தனை காலம் தமிழ் வாயில் உருண்டு, 'து' என்று தமிழ் முடிவும் எடுத்துக்கொண்டு குடியேறிவிட்ட சொல்லை இப்போது வெளியே போகச் சொல்வது வேண்டாத வேலை. 'விருதா' என்று இன்னொரு சொல் உண்டு, வீண் என்று பொருள். அது வேறு வேரிலிருந்து வந்தது, இதற்கு உறவில்லை. ரிசல்ட் அன்று மட்டும் ரசிகர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியலாம்.

கூடலூர்ப் பக்கம் மூன்று மாநிலப் பேச்சும் ஒரே பஸ்ஸில் கேட்கும். அங்கே மலையாளம் பேசுகிறவர் 'புரஸ்காரம்' என்பார். முன்னால் நிறுத்துவது என்பது அதன் சொற்பொருள். கன்னடம் பேசுகிறவர் 'பிரசஸ்தி' என்பார்; அது புகழுரை, கல்வெட்டில் அரசனைப் புகழும் நம் மெய்க்கீர்த்தி மாதிரி. முன்னால் நிறுத்துவது, புகழ்வது, கொடி பிடிப்பது மூன்றுமே முடிவு தெரிந்த பிறகு நடப்பவை. அவார்டு மட்டும்தான் முடிவுக்கு முன்னால் நடக்க வேண்டிய வேலையைச் சொல்கிறது: பார்ப்பது.

'பரிசு' போடலாமே என்று சிலர் கேட்பார்கள். சங்க காலத்திலிருந்து இருக்கும் சொல். பாணரும் புலவரும் வாங்கிப் போனது பரிசில். ஆனால் இன்றைய வழக்கில் அது வேறு இடத்துக்கு நகர்ந்துவிட்டது. ஓட்டப்பந்தயத்துக்கு முதல் பரிசு, கோலப் போட்டிக்கு இரண்டாம் பரிசு. 2003இல் தடை வரும்வரை பரிசுச் சீட்டு வாங்கிய ஊர் இது. அதிர்ஷ்டத்தின் வாசனையும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. நோபலுக்குப் பரிசு, ஆஸ்கருக்கு விருது என்று பத்திரிகைகள் பிரித்துப் பழக்கிவிட்டன. ஊட்டி மலர்க்காட்சியில் நல்ல தோட்டத்துக்குக் கிடைப்பதோ சுழற்கோப்பை; அதை அடுத்த வருஷம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அவார்டில் இருக்கிற அந்தப் 'பார்த்தல்' தமிழுக்கு வராத கருத்து என்று நினைத்துவிடக் கூடாது. புறநானூற்றின் 208ஆம் பாட்டைப் பாருங்கள். பெருஞ்சித்திரனார் பல குன்றும் மலையும் கடந்து அதியமான் நெடுமான் அஞ்சியிடம் பரிசில் கேட்டு வருகிறார். அவன் நேரில் பார்க்காமலே பொருளை அனுப்பி, வாங்கிக்கொண்டு போகச் சொல்கிறான். புலவர் வாங்கவில்லை. 'காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்' என்கிறார். என்னைப் பார்க்காமல் கொடுத்ததை வாங்கிப் போக நான் வியாபாரி இல்லை. தினையளவு கொடுத்தாலும் போதும், என் 'துணையளவு அறிந்து' கொடுத்தால் அதுவே இனிது என்று முடிக்கிறார். விருது விஷயத்தில் ரசிகர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை இதுதானே? "ஜூரி படத்தையே பார்த்திருக்க மாட்டாங்க."

இந்தக் குறை அமெரிக்காவிலும் இருந்தது. ஆஸ்கர் கொடுக்கும் அகாடமி 2025இல்தான், ஒரு பிரிவில் இருக்கும் எல்லாப் படங்களையும் பார்த்த உறுப்பினரே அந்தப் பிரிவின் இறுதிச் சுற்றில் ஓட்டுப் போடலாம் என்று விதி கொண்டுவந்தது. முதல் ஆஸ்கர் விழா 1929இல். காணாது ஈவதை நிறுத்த அவர்களுக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

இங்கே 'நாமினேஷன்' என்ற சொல்லையும் ஒரு பிடி பிடித்தாக வேண்டும். கடையில் ஒரு பையன், "நாயகன் ஆஸ்கர் நாமினேஷன் வாங்கின படம்" என்று அடித்துச் சொன்னான். இல்லை. அது 1987இல் இந்தியா சார்பாக அனுப்பிய படம். ஆங்கிலம் அல்லாத பிறநாட்டுப் படங்களுக்கான பிரிவுக்கு ஒவ்வொரு நாடும் ஒரு படத்தை அனுப்பலாம். அதிலிருந்து அகாடமி வடிகட்டி எடுக்கும் ஐந்துதான் நாமினேஷன். அந்த ஐந்துக்குள் போன இந்தியப் படங்கள் மதர் இந்தியா, சலாம் பாம்பே, லகான் ஆகிய மூன்று மட்டுமே. இரண்டுக்கும் 'பரிந்துரை' என்று ஒரே சொல்லைப் போட்டுப் போட்டுத்தான் இந்தக் குழப்பம். அனுப்பியதை 'இந்தியா அனுப்பிய படம்' என்றும், ஐந்தில் வந்ததை 'இறுதிப் பட்டியலில் வந்த படம்' என்றும் எழுதினால் சண்டை பாதியாகக் குறையும். ஜூரிக்கு 'நடுவர் குழு' இருக்கிறது, நல்ல சொல்.

சரி, இவர்களின் சண்டை என்ன? முதல் பையன் கேத்திக்காரன். மூன்றாம் பிறையைத் தவிர வேறு படமே இல்லை என்பது அவன் கட்சி. கடைசிக் காட்சி அவன் ஊர் ஸ்டேஷனில் எடுத்தது. கமலுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதும், பாலு மகேந்திராவுக்கு ஒளிப்பதிவுக்கான தேசிய விருதும் அந்தப் படத்துக்குத்தான். இரண்டாமவன் இதயத்தைத் திருடாதே கட்சி. ஊட்டிப் பனியை அப்படி யார் காட்டினார்கள் என்று கேட்டான். "டப்பிங் படத்துக்கெல்லாம் கிடையாது" என்று அவனை மடக்கினார்கள்.

மூன்றாமவன் மசினகுடிப் பையன். "நீங்க தேசிய விருதைப் பேசுறீங்க, எங்க ஊருக்கு ஆஸ்கரே வந்துச்சு" என்றான். தெப்பக்காடு யானை முகாமில் எடுத்த தி எலிபென்ட் விஸ்பரர்ஸ் 2023இல் சிறந்த குறும் ஆவணப்படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது உண்மை. ரகு என்ற குட்டியானையை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியின் கதை. பெரியவருக்கு அந்த இருவரையும் பேப்பரில் பார்த்த ஞாபகம் இருந்தது. "அந்தச் சிலையை ரெண்டு பேரும் கையில பிடிச்சுக்கிட்டு நின்னாங்களே" என்றார். விதிப்படி அந்தச் சிலை இயக்குநர் கார்த்திகி கொன்சால்வஸுக்கும் தயாரிப்பாளருக்கும் உரியது. உயரம் சுமார் 34 சென்டிமீட்டர், எடை நான்கு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் பெரியவருக்கு அது யார் கையில் இருந்தது என்பதுதான் ஞாபகம். விருது என்ற சொல்லின் பழைய பொருளுக்கு இதைவிடக் கிட்டத்தில் ஒரு படம் எனக்குக் கிடைக்காது.

கடைசியில் நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: மேல்வரியில் 'நீலகிரியில் எடுத்த சிறந்த படத்துக்கான விருது', கீழ்வரியில் 'நடுவர் குழு தீர்ப்பு' என்று தேதியோடு. ஒரே அவார்டுக்குத் தமிழில் இரண்டு சொல் இருக்கும்போது இரண்டையும் போட்டுவிடுவோமே. ஷீல்டை 'கேடயம்' ஆக்க யாரிடமும் கேட்கவே வேண்டியதில்லை, மேடை அறிவிப்பாளர்கள் எப்போதோ ஆக்கிவிட்டார்கள்.

ஆர்டர் எழுதி முடிக்கும் நேரத்தில் பெரியவர் சும்மா ஒரு கேள்வி கேட்டார்: "மூணு படத்தையும் மூணு பேரும் பாத்திருக்கீங்களா?" கேத்திக்காரன் யானைப் படத்தைப் பார்க்கவில்லை. மசினகுடிப் பையன் மூன்றாம் பிறையின் கடைசிக் காட்சியை மட்டும் போனில் பார்த்திருக்கிறான். டப்பிங் படத்தை, அதன் கட்சிக்காரனைத் தவிர, வேறு யாரும் முழுசாகப் பார்க்கவில்லை. அட்வான்ஸ் நூறு ரூபாய் வாங்கிக்கொண்டேன். படத்தின் பெயர் வரும் வரி மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. மேல்வரியையும் கீழ்வரியையும் வெட்டி வைத்தாயிற்று, அடுத்த வாரம் வந்து சொல்கிறார்களாம்.