ஃபியூஸ் போச்சா, உருகி உருகியதா?

"ஃபியூஸ் போச்சு." இதைச் சொல்லாத வாய் தமிழில் கிடையாது. எழுத்தில்தான் ஃபியூஸ், ஃப்யூஸ், பியூஸ் என்று ஆளுக்கொரு விதம். பேச்சில் வெறும் பீஸ். பீஸ் கட்டவில்லை என்று பீஸைப் பிடுங்கிவிட்டார்கள் என்றால்கூட நமக்குக் குழப்பம் வருவதில்லை, எது பணம் எது கட்டை என்று தானாகவே பிரித்துக்கொள்கிறோம். மவுசு போன ஆளைக்கூட ஃபியூஸ் போன பல்பு என்கிறோம் (பல்பில் போவது அதன் இழை, ஃபியூஸ் அல்ல. அது வேறு கதை). ஆனால் இந்த "போச்சு" என்ற வினையில்தான் எனக்கு ஒரு உறுத்தல், அந்த உறுத்தல் வந்தது ஒரு பழைய வண்டியால்.

கைமாறி வந்த வண்டி அது. முன்பு வைத்திருந்தவர் முன்பக்கம் இரண்டு கூடுதல் விளக்கு, ஒரு ஜோடி ஹாரன், போன் சார்ஜர் என்று ஆசைதீர மாட்டியிருந்தார். கொஞ்ச நாளாகவே டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து வெந்த பிளாஸ்டிக் வாடை வந்துகொண்டிருந்தது. சரி, பார்ப்போம் என்று ஃபியூஸ் பெட்டியைத் திறந்தால், மூடியின் உட்பக்கப் படத்தில் 10 என்று போட்டிருக்கும் இடத்தில் பச்சை நிறத்தில் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பச்சை என்றால் 30 ஆம்பியர். அதன் பின்னால் போகும் வயரைத் தொட்டுப் பார்த்தேன், சிவப்பாக இருந்திருக்க வேண்டிய உறை காபிப்பொடி நிறத்துக்கு வந்திருந்தது, நகத்தால் லேசாக அழுத்தியதும் வறண்ட தோல் போலப் பெயர்ந்து உள்ளே செம்பு தெரிந்தது. என்ன நடந்திருக்கும் என்று யூகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். 10 ஆம்பியர் ஃபியூஸ் "போயிருக்கும்", புதிதாகப் போட்டதும் "போயிருக்கும்", அப்புறம் "போகாத" ஃபியூஸாக ஒன்றைத் தேடிப் போட்டிருக்கிறார்கள். போனது என்ற சொல், அந்தப் பொருள்தான் கெட்டுப்போனது, நல்லதாக ஒன்றை வாங்கி மாட்டினால் தீர்ந்தது என்று நினைக்கவைக்கிறது.

அதே பொருளை உருகி என்று சொல்லிப் பாருங்கள். உருகி உருகிவிட்டது. அதன் வேலையே அதுதானே, அப்புறம் எப்படிக் கெட்டுப்போனதாகும்? அடுத்த கேள்வி தானாகவே எழுகிறது: எதனால் உருகியது?

சொல்லின் பிறப்புக்கு வருவோம். ஆங்கிலத்தில் ஃபியூஸ் என்ற ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு சொற்கள் ஒட்டிக்கிடக்கின்றன. ஒன்று உருகு, உருக்கு என்ற பொருள் தரும் வினை. இலத்தீனில் ஊற்றுதல், வார்த்தல் என்ற பொருளுள்ள ஃபுந்தெரே என்ற வினையிலிருந்து வந்தது, அதன் இறந்தகால எச்சம் ஃபூசுஸ். இன்னொன்று வெடிக்குத் தீ கொண்டுபோகும் திரி. அது இத்தாலிய ஃபூசோ வழியாக வந்தது, அதற்கும் இலத்தீன் மூலம் ஃபூசுஸ்தான், ஆனால் இந்த ஃபூசுஸ் நூல் நூற்கும் கதிர். வார்த்தது ஒரு ஃபூசுஸ், நூற்பது ஒரு ஃபூசுஸ், இரண்டுக்கும் பொருளில் உறவே இல்லை. 1831-இல் இங்கிலாந்தின் வில்லியம் பிக்ஃபோர்டு சுரங்க வெடிகளுக்காகக் காப்புரிமை பெற்ற "பாதுகாப்பு ஃபியூஸ்" இந்த இரண்டாவது குடும்பம், அதாவது திரி.

மின்சாரத்துக்கு வந்த ஃபியூஸ் இந்த இரண்டில் எதன் பிள்ளை என்பதில் ஆங்கிலச் சொற்பிறப்பு நூல்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. உருகுவதால் வந்த பெயர் என்பதுதான் பரவலான விளக்கம். இல்லை, உருவத்தைப் பார்த்துத் திரியின் பெயரை வைத்தார்கள், உருகும் என்ற விளக்கம் பின்னால் ஒட்டிக்கொண்டது என்று சொல்பவர்களும் உண்டு. பொருள் என்னவோ சொல்லுக்கு முன்பே வந்துவிட்டது. 1847-இலேயே பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி பிரெகே, இடி விழும்போது தந்தி நிலையங்களைக் காப்பாற்ற, வரும் கம்பியில் ஒரு பகுதியை மட்டும் மெல்லிசாக வைக்கச் சொன்னார், மெல்லிய கம்பி உருகி அறுந்தால் உள்ளே இருக்கும் கருவிகள் பிழைக்கும் என்பது கணக்கு. எடிசன் 1880-இல் விளக்குகளுக்காக இதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கியபோது வைத்த பெயர் "பாதுகாப்புக் கடத்தி". மின்சாரப் பொருளில் ஃபியூஸ் என்ற சொல் ஆங்கிலத்தில் பதிவாவது அதற்கும் பின்னால், 1880-களில்தான்.

தமிழுக்கு இந்தத் தகராறே கிடையாது. வெடிக்கு வைப்பது திரி, மின்சாரத்துக்கு வைப்பது உருகி. ஒன்று நெருப்பைக் கூட்டிக்கொண்டு போகிறது, மற்றது நெருப்பு வரும் முன்னால் வழியை அறுக்கிறது. இப்படி நேர் எதிரான இரண்டு வேலைகளுக்கு ஒரே பெயரை வைத்துக்கொண்டு ஆங்கிலம் எப்படிச் சமாளிக்கிறதோ!

உருகி என்ற ஆக்கத்தில் இன்னொரு அழகும் இருக்கிறது. கருவிகளுக்கு நாம் வைத்திருக்கும் இகர ஈற்றுப் பெயர்களை எடுத்துப் பாருங்கள்: ஒலிபெருக்கி, மின்மாற்றி, கடத்தி, மின்விசிறி. இவையெல்லாம் வேறெதையோ ஏதோ செய்கின்றன, ஒலியைப் பெருக்குகிறது, அழுத்தத்தை மாற்றுகிறது. உருகி அப்படியில்லை, அது தன்னையே உருக்கிக்கொள்கிறது. உருக்கி என்று ஒரு ககர ஒற்றைச் சேர்த்துவிட்டால் எலும்புருக்கி மாதிரி ஆகிவிடும், அடுத்ததை உருக்குவது. உருகு தன்வினை, உருக்கு பிறவினை, அந்த ஒரு எழுத்தில் நோயும் காவலும் மாறிப்போகிறது. உருகிக்குச் சரியான சொந்தம் தொட்டாற்சுருங்கிதான்: தொட்டால் தான் சுருங்கும், மீறினால் தான் உருகும். தப்பான வயரிங்கை ஒரே வார்த்தையில் சொல்லச் சொன்னால், உருகி இருக்க வேண்டிய இடத்தில் உருக்கியை வைப்பது என்பேன். எனக்கு வந்த வண்டியில் இருந்தது அதுதான்.

சரி, எதைக் காக்க உருகுகிறது? பத்தில் ஒன்பது பேர் விளக்கை, ஹாரனை, சார்ஜரை என்பார்கள். இல்லை, வயரை. பேட்டரிக்கு ஒரு குணம் உண்டு, கேட்டால் கேட்ட அளவு கொடுத்துவிடும். 12 வோல்ட்தானே, தொட்டால் ஷாக்கூட அடிக்காது என்ற தைரியத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள்; பாசிட்டிவ் வயர் எங்காவது உறை தேய்ந்து, பேட்டரியின் மறுமுனை இணைந்திருக்கும் வண்டியின் இரும்பு உடம்பைத் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஒரே பாய்ச்சலில் ஓடும், மெல்லிய வயர் நொடிகளில் பழுக்கும், உறை பற்றிக்கொள்ளும். செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும், வயரின் பி.வி.சி. உறைக்கோ வகையைப் பொறுத்து 80, 105 டிகிரிதான் எல்லை, ஆக செம்பு அறுந்து மின்சாரம் நிற்கும் என்று காத்திருந்தால் அதற்கு முன்பே வண்டி எரிந்துவிடும். அதனால்தான் சுமார் 420 டிகிரியிலேயே உருகிவிடும் துத்தநாகத்தில், வேண்டுமென்றே மெலிந்த இடுப்போடு வெட்டிய ஒரு சின்னத் தகட்டை நடுவில் வைக்கிறார்கள்.

வயரைக் காப்பது என்று பொருள் விளங்கிவிட்டால் அதை எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடுகிறது. பேட்டரியின் பக்கத்தில், ஒரு சாணுக்குள் வைக்க முடிந்தால் உத்தமம். பலர் விளக்குக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள், அப்படி வைத்தால் பேட்டரியிலிருந்து அதுவரை வரும் மொத்த வயருக்கும் காவலே இல்லை. எஞ்சின் பக்கமிருந்து உள்ளே வரும் தகட்டு ஓட்டையின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், அங்கே ஒரு ரப்பர் வளையம் போடாமல் வயரை இழுத்தால் அந்த இடத்தில்தான் முதலில் தேயும்.

எத்தனை ஆம்பியர்? ஒரு கணக்குப் போடுவோம். 55 வாட் விளக்கு இரண்டு என்றால் 110 வாட், 12-ஆல் வகுத்தால் 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். 10 போட்டால் விளிம்பிலேயே நிற்கும், 15 போடலாம். ஆனால் 15 போட்டால் வயர் 15-ஐத் தாராளமாகத் தாங்கும் தடிமனில் இருக்க வேண்டும், 2.5 சதுர மில்லிமீட்டர் இதற்கு வசதியானது. அதாவது கீழே சாமான் இழுப்பதைவிட உருகி கொஞ்சம் பெரிசு, உருகி தாங்குவதைவிட வயர் பெரிசு. இந்த வரிசை தலைகீழானால் வயரே உருகியாகிவிடும். இன்னொன்று, 15 என்று போட்டிருப்பதால் 15-ஐத் தாண்டிய அந்த நொடியே அறுந்துவிடாது. பத்து சதவீதம் கூட ஓடினால் மணிக்கணக்கில் தாங்கிக்கொண்டிருக்கும், இரண்டு மடங்கு ஓடினால்தான் சுமார் 5 நொடிக்குள் கதை முடியும்.

இப்போது வண்டிகளில் வரும் தகட்டு உருகி 1976-இல் லிட்டெல்ஃபியூஸ் என்ற அமெரிக்க நிறுவனம் கொண்டுவந்த வடிவம். அதற்கு முன்பு கண்ணாடிக் குழல், பீங்கான் கட்டை. எண்ணைப் படிக்காமலே நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம்: இளம்பழுப்பு 5, பழுப்பு 7.5, சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, நிறமற்றது 25, பச்சை 30. பிடுங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இரண்டு காலுக்கு நடுவே வளைந்து போகும் அந்த மெல்லிய பாலம் தெரியும். பாலம் நடுவில் சும்மா அறுந்து நின்றால் மெதுவாக அளவு மீறியிருக்கலாம், பிளாஸ்டிக்கில் கறுப்பாகவோ வெள்ளிப் பூச்சாகவோ தெறித்திருந்தால் நேரடியாக ஷார்ட். இந்த இடத்தில் சிகரெட் பெட்டி ஜிகினாத் தாளைச் சுற்றி மாட்டும் மேதைகளுக்கு என்னிடம் சொல்ல எதுவும் இல்லை.

ஷார்ட் என்றதும் ஒரு கிளைக்கதை. செய்தித்தாள்களில் "மின்கசிவு காரணமாகத் தீ" என்று வருகிறதே, அது பெரும்பாலும் ஷார்ட் சர்க்யூட்டைத்தான் சொல்கிறது; அதற்குச் சரியான தமிழ் குறுக்குச் சுற்று, அல்லது குறுஞ்சுற்று. கசிவு வேறு. கசிவென்றால் சொட்டுச் சொட்டாகப் போவது, அதை உருகி கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது, ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகாதபோதுதான் நமக்கே தெரியும். குறுக்குச் சுற்று, மின்சாரம் விளக்கு வரை போகாமல் குறுக்கு வழியில் பாய்ந்து திரும்புவது. உருகி விழித்திருப்பது இதற்காகத்தான். தளர்ந்த முனையும் அதன் கண்ணில் படாது. திருகு சரியாக முடுக்காத இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்து அதில் 10 ஆம்பியர் ஓடினால் அந்த ஒரு புள்ளியில் மட்டும் 10 வாட் சூடு, உருகிக்கோ ஓடுவது வழக்கமான 10 ஆம்பியர்தான், அது நிம்மதியாக இருக்கும். டேப்பைச் சுற்றி விட்ட முறுக்கு இணைப்புகள் கருகுவது இப்படித்தான்.

எர்த் என்ற சொல்லும் வண்டிக்குப் பொருந்தாது, ரப்பர் டயர் மேல் நிற்கும் வண்டிக்கு ஏது பூமி? பாடி எர்த் என்று மெக்கானிக்குகள் பாதியைத் திருத்திக்கொண்டார்கள். ரிலேவுக்கு (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) மனசுக்குப் பிடித்த தமிழ்ச் சொல் எனக்கு இன்னும் அகப்படவில்லை, விட்டுவிடுகிறேன்.

உருகி, மின்னுருகி, மின்னுருகு இழை என்று மூன்றும் புழக்கத்தில் உண்டு. மூன்றாவது வீட்டுக் கட்டையில் கம்பி சுற்றுவதற்குச் சரி, தகட்டு உருகியில் இழையே இல்லையே. எனக்கு உருகிதான் பிடித்தது, சின்னது, வாயில் நிற்கும். அந்த ஆர்வத்தில், வண்டியின் கருகிய வயரையெல்லாம் மாற்றி முடித்த அன்று பேட்டரிக்குப் பக்கத்தில் புதிதாக வைத்த நீலத்தின் மேல் ஒரு வெள்ளை டேப் ஒட்டி "விளக்கு உருகி 15" என்று எழுதி வைத்தேன். அடுத்த முறை பானெட்டைத் திறந்த மெக்கானிக் அதை இரண்டு தடவை படித்துவிட்டுத் திரும்பிக் கேட்டார்: "விளக்கு உருகி...? உருகி என்ன சார் ஆச்சு?"

வினையெச்சமாகப் படித்திருக்கிறார், அவர் மேல் தப்பில்லை. டேப்பை உரித்துவிட்டு மின்னுருகி என்று மாற்றி எழுதியிருக்கிறேன்.