உராய்வைக் கண்டதும் சூத்திரம் போடாதீர்கள்

பதினோராம் வகுப்புக்கோ நீட் தேர்வுக்கோ இயற்பியல் எடுப்பவர்களுக்குப் பழகிப்போன காட்சி இது. கணக்கில் 'உராய்வுக் குணகம் 0.4' என்று இருக்கும். கேள்வியை முழுதாகப் படிப்பதற்குள் மாணவரின் கை, குணகத்தைச் செங்குத்து எதிர்விசையால் (தளம் பொருளைத் தனக்குச் செங்குத்தாகத் தள்ளும் விசை) பெருக்கியிருக்கும். சறுக்கும் கட்டைக்கு அது சரி. நழுவாமல் உருளும் பொருளுக்குப் பெரும்பாலும் தப்பு.

ஒன்றைப் போட்டே பார்ப்போம். 30 பாகை சாய்தளத்தில், 1.2 மீட்டர் உயரத்திலிருந்து 2 கிலோ திண்ம உருளையை விடுகிறோம். குணகம் 0.4, புவியீர்ப்பு முடுக்கம் 10. சரிவின் வழியே எடையின் கூறு 10 நியூட்டன், செங்குத்து எதிர்விசை 17.3. குணகத்தால் பெருக்கினால் உராய்வு 6.9. கழித்து, நிறையால் வகுத்தால் முடுக்கம் சுமார் 1.5. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது.

அதே 6.9-ஐத் திருப்புவிசைச் சமன்பாட்டிலும் (உருளையைச் சுழற்றுவதற்கான சமன்பாடு) போடுங்கள். கோண முடுக்கத்தை ஆரத்தால் பெருக்கினால் 6.9 வருகிறது. மையம் 1.5 வீதம் வேகமெடுக்கும்போது விளிம்பு 6.9 வீதம் வேகமெடுக்கிறதாம். சேற்றில் மாட்டிய லாரி டயர் மாதிரி, எஞ்சினே இல்லாத உருளை சும்மா சுற்றிக்கொண்டு இறங்குகிறது! விடை அபத்தம் என்று இங்கேயே தெரிந்துவிடும். ஆனால் இந்த இரண்டாவது சமன்பாட்டுக்கு வருவதற்கு முன்பே பலர் விடையைக் குறித்துவிடுகிறார்கள்.

அந்தக் குணகம் தருவது உராய்வின் உச்சவரம்பு. உண்மையில் எவ்வளவு உராய்வு என்பதை இயக்கம்தான் தீர்மானிக்கிறது. அதனால் உராய்வைத் தெரியாத எண்ணாகவே வைத்துக்கொண்டு, விசைக்கு ஒன்று, திருப்புவிசைக்கு ஒன்று, நழுவாமல் உருளும் நிபந்தனை (மையத்தின் முடுக்கமும் விளிம்பின் முடுக்கமும் சமம்) ஒன்று என மூன்றையும் எழுதுங்கள். உராய்வு 3.33 நியூட்டன், முடுக்கமும் 3.33. வரம்பான 6.9-க்குள் இருக்கிறதா? இருக்கிறது. அப்படியானால் நழுவவில்லை என்று நாம் எடுத்துக்கொண்டது சரி.

அடுத்த குழி ஆற்றலில். "உராய்வு இருக்கே சார், ஆற்றல் வெப்பமாப் போயிடாதா?" என்று யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி. தொடக்கத்தில் 24 ஜூல் நிலை ஆற்றல். சரிவின் நீளம் 2.4 மீட்டர், உராய்வு 3.33. பெருக்கினால் 8 ஜூல். இதை இழப்பு என்று கழித்துவிட்டு, மிச்சம் 16-ஐ நேர் இயக்கத்துக்கும் சுழற்சிக்கும் பங்கு போட்டால் வேகம் 3.3 மீட்டர்/வினாடி. சரியான விடை 4.

அந்த 8 ஜூல் எங்கேயும் தொலையவில்லை. அடியில் நேர் இயக்க ஆற்றல் 16 ஜூல், சுழல் இயக்க ஆற்றல் 8 ஜூல். நேர் இயக்கத்தின் கணக்கிலிருந்து உராய்வு எடுத்ததை அப்படியே சுழற்சியின் கணக்கில் வரவு வைத்திருக்கிறது. தளத்தைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் ஓய்வில் இருப்பதால், உராய்வு செய்யும் மொத்த வேலை சுழி. (உண்மையான உருளையில் தளமும் உருளையும் சற்றே அமுங்குவதால் கொஞ்சம் இழப்பு உண்டு. பாடக் கணக்குகள் அதைக் கண்டுகொள்வதில்லை.)

வெப்பமாக இழக்கும் கணக்குகளும் உண்டு. சுழலவிடாமல் தரையில் சறுக்கிவிட்ட திண்மக் கோளம் கொஞ்ச தூரம் நழுவி, பிறகு உருளத் தொடங்கும். அப்போது வேகம் தொடக்க வேகத்தில் 5/7 பங்கு, ஆற்றலில் 2/7 பங்கு போய்விட்டிருக்கும். தரை சொரசொரப்போ வழவழப்போ, இந்தப் பங்கு மாறாது. குணகம் மாறினால் மாறுவது, உருளத் தொடங்கும் நேரமும் தூரமும்தான்.

திசையிலும் ஒரு வார்த்தை. 'இயக்கத்துக்கு எதிராக' என்று மனப்பாடம் செய்தவர்கள் சைக்கிளில் தடுமாறுவார்கள். மிதிக்கும்போது பின்சக்கரத்தில் உராய்வு முன்னோக்கி, முன்சக்கரத்தில் பின்னோக்கி. உராய்வே இல்லையென்றால் தொடுபுள்ளி எந்தப் பக்கம் நழுவும் என்று பாருங்கள். அதற்கு எதிர்ப்பக்கம்தான் உராய்வு.

சரி, அதே உருளையை 60 பாகைச் சரிவில் விட்டுப் பாருங்கள். உருளுவதற்குத் தேவையான உராய்வு 5.8 நியூட்டன், கிடைக்கக்கூடியது 4 மட்டும். இப்போது உருளை நழுவுகிறது. இங்கே பெருக்கல் சூத்திரத்தைத் தாராளமாகப் போடலாம்: மையத்தின் முடுக்கம் 6.7, விளிம்புக்கு 4. ஆற்றல் மாறாது என்று மட்டும் இங்கே எழுதிவிடாதீர்கள். நழுவிய தூரத்தை (மையம் போன தூரத்தில் விளிம்பு சுற்றிய தூரம் போக மிச்சம்) 4-ஆல் பெருக்கினால் வருவதுதான் வெப்பம்.