லண்டன்ல சைக்கிள் ஓட்டுறீங்களா? ரொம்ப ஓரமா போகாதீங்க

நான் லண்டன்ல பெரியவங்களுக்கு சைக்கிள் கத்துக்குடுக்கிறவன். கிளாஸுக்கு நம்மாளுங்க யாராவது வந்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும், வண்டி நேரா போய் பிளாட்பாரக் கல்லை ஒட்டிக்கும். "ஓரமா போடா, பஸ் வருது"ன்னு கேட்டே வளர்ந்தோம்ல, கை தானாவே இடது பக்கம் இழுக்கும்.

போன மாசம் ஈஸ்ட் ஹாம்ல இருந்து ஒரு அக்கா வந்தாங்க. டயருக்கும் கல்லுக்கும் நடுவுல ஒரு ஜாண்கூட இல்ல. சாக்கடை மூடி, கண்ணாடித் துண்டு எல்லாம் அந்த ஓரத்துலதான் கிடக்கும், ஒவ்வொண்ணு வரும்போதும் திடீர்னு வலது பக்கம் வெட்டுறாங்க, பின்னாடி வர்ற வேன்காரனுக்கு இவங்க எப்போ வெட்டுவாங்கன்னு எப்படித் தெரியும்? சாக்பீஸால கல்லுல இருந்து அரை மீட்டர்ல ஒரு கோடு போட்டு, இதுக்கு உள்ள வரவே கூடாதுக்கான்னேன்.

அது என் சொந்த ரூல் இல்ல. 2022 ஜனவரி 29ல மாத்துன ஹைவே கோட்ல, அதாவது இங்க அரசாங்கம் போடுற ரோடு விதிப் புத்தகத்துல, 72வது விதி. வண்டிங்க வேகமா போற பிஸி ரோட்டுல குறைஞ்சது அரை மீட்டர் தள்ளி ஓட்டணும். அமைதியான தெரு, டிராபிக் மெதுவா நகர்ற இடம், ஜங்ஷன், ரோடு குறுகுற இடம், இங்கெல்லாம் உங்க லேனோட நடுவுலயே போகலாம்.

"நடுவுலயா? பின்னாடி வர்ற டிரைவர் திட்ட மாட்டானா?"ன்னு அக்கா கேட்டாங்க. சிலபேர் திட்டத்தான் செய்வாங்க. ஆனா ஓரமா போனா குறுகலான இடத்துல உங்களை உரசிக்கிட்டு நுழையலாம்னு அவனுக்குத் தோணும், நடுவுல போனா இப்ப முடியாதுன்னு காத்திருப்பான். 30 மைல் வேகம் வரைக்கும் முந்தணும்னா 1.5 மீட்டராவது இடம் விடணும்னு அவனுக்கும் 163வது விதி சொல்லுது.

நிறுத்தி வெச்சிருக்கிற கார்கிட்ட இன்னும் தள்ளிப் போகணும், ஒரு மீட்டர். நான் ஒரு ஆளை காருக்குள்ள உட்கார வெச்சு டிரைவர் கதவை முழுசா திறக்கச் சொல்லுவேன், அது எவ்வளவு தூரம் நீட்டிக்கிட்டு நிக்குதுன்னு பார்த்த பிறகு யாரும் அதை ஒட்டிப் போறதில்ல.

லாரி விஷயம் தனி. இடது பக்கம் திரும்பப் போற லாரி முதல்ல வலது பக்கம் ஒதுங்கும், சந்து கிடைச்சுதுன்னு உள்ள நுழைஞ்சிடாதீங்க, அவனுக்கு நீங்க கண்ணுலயே படமாட்டீங்க. பின்னாடியே நில்லுங்க, ரெண்டு நிமிஷம் லேட்டானா ஆகட்டும்.

இதெல்லாம் சட்டமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. நான் சொன்ன விதிங்க 'செய்யணும்'னு சொல்ற அறிவுரை வகை, மீறுனா உடனே குற்றம்னு இல்ல, ஆனா விபத்து கேஸ்னு கோர்ட்டுக்குப் போனா இதை எடுத்துக் காட்டலாம். ராத்திரி முன்னாடி வெள்ளை லைட், பின்னாடி சிவப்பு லைட், அது கண்டிப்பான சட்டம்.

இன்னொண்ணு, நடுவுக்கு வர்றதுக்கு முன்னாடி வலது தோளுக்கு மேல திரும்பிப் பாருங்க. அமைதியான தெருவுல பின்னாடி வேகமா வண்டி வந்தா, இடம் சரியா இருந்தா இடது பக்கம் ஒதுங்கி விட்டுடுங்க, திரும்ப நடுவுக்கு வந்துக்கலாம்.