தோற்கண்டு: ஆரஞ்சுத் தோல் இனிப்புக்கு ஒரு பெயர்

கேக் செய்முறை எழுத உட்காரும்போதெல்லாம் ஓர் இடத்தில் கை நின்றுவிடும். முந்திரி, உலர்திராட்சை, பேரீச்சை என்று வரிசையாக எழுதிக்கொண்டு வந்தால் அடுத்தது 'கேண்டீட் ஆரஞ்சு பீல்'. வேறொன்றும் இல்லை, சர்க்கரைப் பாகில் வேகவைத்துக் காயவைத்த ஆரஞ்சுத் தோல்தான். கடையில் சின்னப் பொட்டலமாக விற்கிறார்கள். பழத்தைத் தின்றுவிட்டுத் தூக்கிப்போடும் தோலிலேயே அதைவிட நன்றாக வீட்டில் செய்துவிடலாம். பண்டம் அடுப்படிக்கு வந்துவிட்டது, தமிழில் பெயர்தான் இன்னும் வரவில்லை.

முயற்சி நடக்காமல் இல்லை. 'ஆரஞ்சுத் தோல் மிட்டாய்' என்று எழுதுகிறார்கள். மிட்டாய் என்றால் வாயில் போட்டுச் சப்புவது என்றுதான் நமக்குத் தோன்றும். பொடியாக நறுக்கி மாவில் கலக்கும் பொருளாக மனதில் வராது. 'பதப்படுத்திய தோல்' என்று ஒரு பொட்டலத்தில் பார்த்தேன். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான்: செருப்புக்கும் பைக்கும் போகிற தோல். 'சர்க்கரைப் பாகில் ஊறவைத்த ஆரஞ்சுத் தோல்' என்பதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் அது விளக்கம், பெயர் இல்லை. 'தோசை' என்பதற்குப் பதிலாக 'அரைத்துப் புளிக்கவைத்த மாவைக் கல்லில் ஊற்றிச் சுட்டது' என்று யாரும் சொல்வதில்லையே.

சரி, 'கேண்டி' என்ற சொல்லையே பிரித்துப் பார்ப்போம்.

ஆங்கிலத்துக்கு அது பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே 'சுக்ர் காந்தி' என்றால் கட்டிகட்டியாக உறைந்த சர்க்கரை. பிரெஞ்சுக்கு அது அரபியின் 'கந்தி'யிலிருந்தும், அரபிக்குப் பாரசீகத்தின் 'கந்த்' என்ற சொல்லிலிருந்தும் போனது. பாரசீகத்தில் கந்த் என்றால் கரும்புச் சர்க்கரை. அதற்கும் முன்னால் போனால் நம் பக்கம் வந்துவிடுகிறோம். வடமொழியில் 'கண்டம்' என்றால் துண்டு, சர்க்கரைத் துண்டு. தமிழில் 'கண்டு'. அகராதியில் இதற்குக் கற்கண்டு என்றே பொருள் இருக்கிறது. வடமொழிச் சொல்தான் மூலம் என்பவர்கள் உண்டு. இறுகுதலைக் குறிக்கும் 'கட்டு', 'கண்டு' போன்ற திராவிடச் சொற்களோடு அதற்குத் தொடர்பு இருக்கலாம் என்று கருதும் அறிஞர்களும் உண்டு. எந்தப் பக்கம் சரி என்றாலும், 'கேண்டி' என்று நாம் இரவல் வாங்கும் சொல்லின் உறவுக்காரச் சொல் நம் மளிகைக் கடை டப்பாவில் எப்போதும் இருந்துகொண்டே இருக்கிறது. அதுதான் கற்கண்டு. பனையிலிருந்து எடுத்தால் பனங்கற்கண்டு.

ஆங்கிலத்திலும் முதலில் கேண்டி என்றால் கற்கண்டுதான். எல்லா இனிப்புப் பண்டத்துக்கும் பொதுப்பெயராக அமெரிக்கர்கள் அதை விரித்தது பின்னால் நடந்தது. பழத்தையோ தோலையோ சர்க்கரையில் வேகவைத்து வைத்துக்கொள்வதைக் குறிக்கும் வினைச்சொல்லாக 16ஆம் நூற்றாண்டிலேயே அது புழங்கத் தொடங்கிவிட்டது. கேண்டீட் பீல் என்பதில் இருப்பது இந்தப் பழைய பொருள். கற்கண்டைப்போல் சர்க்கரை உறைந்த தோல் என்பதுதான் அது.

இனி நம் 'கண்டு'. இந்தச் சொல் சர்க்கரையோடு நிற்பதில்லை. தையல்காரரிடம் போனால் நூற்கண்டு இருக்கும். நூல் சுற்றித் திரண்ட உருண்டை அது. கண்டு என்பதில் திரண்டு இறுகியது என்ற கருத்து இருக்கிறது. கல்லாகத் திரண்ட கண்டு, கற்கண்டு. நூல் திரண்ட கண்டு, நூற்கண்டு. இரண்டிலும் 'ல்' போய் 'ற்' வந்திருப்பதைப் பாருங்கள். கல் + கண்டு, நூல் + கண்டு. அதே வழியில் தோல் + கண்டு என்று வைத்தால்?

தோற்கண்டு.

இலக்கணத்துக்கு இது புதிதே இல்லை. தோற்பை, தோற்பாவை என்று ஏற்கெனவே சொல்கிறோம். காதுக்கும் அந்நியமாக இல்லை, கற்கண்டின் தங்கை மாதிரி ஒலிக்கிறது. தோல் என்றதும் மாட்டுத்தோல் நினைவு வரும் என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். முன்னால் பழத்தின் பெயரை வைத்துவிட்டால் அந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்: ஆரஞ்சுத் தோற்கண்டு, எலுமிச்சைத் தோற்கண்டு, நாரத்தைத் தோற்கண்டு.

நாரத்தை என்றதும் இன்னொரு பயணத்தையும் சொல்லியாக வேண்டும். 'ஆரஞ்சு' என்பதும் இந்தப் பக்கத்திலிருந்து கிளம்பிய சொல்தான். வடமொழியில் நாரங்கம், பாரசீகத்தில் நாரங்க், அரபியில் நாரஞ்ச், ஸ்பானியத்தில் நாரன்ஹா. இத்தாலியனிலும் பிரெஞ்சிலும் முதலில் இருந்த 'ந' உதிர்ந்தது. முன்னால் வரும் 'ஒரு' என்ற பொருளுள்ள சொல்லின் கடைசி ஒலியோடு அது ஒட்டிக்கொண்டு, பழத்தின் பெயர் மொட்டையாக நின்றுவிட்டது. அந்த மொட்டைப் பெயர்தான் ஆங்கிலம் வழியாக நமக்கு ஆரஞ்சாகத் திரும்பி வந்தது. நாரங்கம் என்பதற்கே வேர் திராவிட மொழிகளில் இருக்கலாம் என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. தமிழில் நாரத்தை இருக்கிறது, மலையாளத்தில் நாரங்ஙா இருக்கிறது. சங்கப் பாட்டில் நரந்தம் இருக்கிறது. குறிஞ்சிப்பாட்டின் பூ வரிசையில் அது வருகிறது. அதியமான் இறந்தபின் ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டில், 'நரந்தம் நாறும் தன் கையால்' அவன் தம் தலையைத் தடவிக் கொடுத்ததைச் சொல்கிறார். அந்த நரந்தம் மணமுள்ள புல்லா, நாரத்தம்பூவா என்று உரைகள் வேறுபடும். மணம் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. நாரத்தங்காயை உரித்துவிட்டுக் கையை முகர்ந்தவர்களுக்கு அந்த வரி எங்கே போய்த் தொடுகிறது என்று தெரியும்.

அரபியர் வழியாக ஸ்பெயினுக்கும் சிசிலிக்கும் முதலில் போய்ச் சேர்ந்தது கசப்பு ஆரஞ்சு, நம் நாரத்தையின் நெருங்கிய சொந்தம். இனிப்பு ஆரஞ்சு பரவியது அதற்குச் சில நூற்றாண்டுகள் கழித்து, போர்த்துக்கீசியர் கடலில் இறங்கிய காலத்தில். கசக்கும் தோலைச் சர்க்கரையால் வசப்படுத்தும் வேலை இனிப்புப் பழம் வருவதற்கு முந்தியது.

இதனால் 'ஆரஞ்சு' என்று எழுதக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். குழந்தைக்கும் தெரிந்த சொல், இருக்கட்டும். கிச்சிலி என்ற பழைய பெயர் நினைவுள்ளவர்கள் அதைச் சொல்லலாம். இலங்கையில் தோடம்பழம் என்பார்கள், அங்கே அப்படியே எழுதலாம்.

பெயர்ச்சொல் கிடைத்துவிட்டது. வினைச்சொல்லும் வேண்டுமே, 'கேண்டி செய்வது' என்பதற்கு? இங்கே 'முரப்பா' உதவிக்கு வருகிறது. பேருந்து நிலையங்களில் துண்டு துண்டாக விற்கும் இஞ்சி முரப்பா (மரப்பா, மொரப்பா என்றும் சொல்வார்கள்) எல்லாருக்கும் தெரிந்தது. அது அரபியின் 'முரப்பா'. சர்க்கரையில் போட்டு வைத்த பழம் என்று பொருள். அதன் வேரில் இருப்பது 'வளர்த்தல்'. ஒரு பிள்ளையை ஊட்டி ஆளாக்குகிற அதே வினை. பழத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையைக் கொடுத்துத் தேற்றுவதை அரபியர் அப்படிப் பார்த்தார்கள். எனக்கு இது மிகவும் பிடித்துப்போனது. ஏனென்றால் தமிழிலும் 'ஊட்டு' என்ற வினை இதே வேலையைச் செய்கிறது. சோறு ஊட்டுகிறோம், நிறமூட்டுகிறோம், மணமூட்டுகிறோம். ஒன்றை இன்னொன்றுக்குள் மெல்லப் புகவைப்பதுதான் ஊட்டுதல். அப்படியானால் பாகூட்டுதல். பாகூட்டிய தோல், காய்ந்து உறைந்ததும் தோற்கண்டு.

அடுப்படியில் நடப்பதும் ஊட்டுதலேதான். முதல் தடவை நான் அதைப் புரிந்துகொள்ளாமல் செய்தேன். கெட்டிப் பாகு காய்ச்சி, நறுக்கிய தோலை அப்படியே அதில் கொட்டிக் கொதிக்கவிட்டேன். அரைமணி நேரத்தில் தோல் சுருங்கி, மரச்சீவல் மாதிரி விறைத்துவிட்டது. கெட்டிப் பாகு தோலுக்குள் இருக்கும் தண்ணீரை வேகமாக வெளியே இழுத்துவிடும். அந்த வேகத்துக்குச் சர்க்கரை உள்ளே போகாது. அது மட்டுமில்லை, சர்க்கரை பட்டபிறகு தோல் மேற்கொண்டு மெத்தென்று வேகாது. அதனால் தோல் முதலில் வெறும் தண்ணீரில் நன்றாக வெந்தாக வேண்டும், அப்புறம்தான் சர்க்கரை.

கடைப் பழத்தில் மெழுகு பூசியிருப்பார்கள். வெந்நீரில் தேய்த்துக் கழுவிவிட்டு, மேலிருந்து கீழாக நான்கு கோடு கீறினால் தோல் நான்கு இதழாகக் கழன்று வரும். உள்ளே இருக்கும் வெள்ளைப் பஞ்சைச் சுரண்டி எறியச் சொல்வார்கள். நான் எறிவதில்லை. பாகைக் குடித்துக் கண்ணாடி போல ஆவதே அந்தப் பஞ்சுதான், அது இல்லாவிட்டால் தோற்கண்டு வறவற என்று இருக்கும். கால் அங்குல அகலத்துக்கு நறுக்கி, குளிர்ந்த தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து, பத்து நிமிடத்தில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். ஆரஞ்சுக்கு இரண்டு தடவை போதும். நாரத்தைக்கும் பம்பளிமாசுக்கும் மூன்று நான்கு தடவை வேண்டும். அவற்றின் கசப்புக்குக் காரணமான பொருள்களில் ஒன்றுக்கு வேதியியலில் 'நாரிஞ்சின்' என்று பெயர். நம் நாரங்கம் அங்கேயும் போய் உட்கார்ந்திருக்கிறது! கடைசித் தண்ணீரில் மட்டும் அவசரப்படாமல் வேகவிடுங்கள். நகத்தால் கிள்ளினால் தடையில்லாமல் இறங்க வேண்டும்.

வெந்த தோல் 250 கிராம் இருந்தால் சர்க்கரை 250 கிராம், தண்ணீர் 250 மில்லி. சர்க்கரை கரைந்ததும் தோலைப் போட்டு, அடுப்பை மிகச் சிறியதாக வைத்துவிட வேண்டும். முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். கிண்டிக்கொண்டே இருந்தால் பாகு பூத்துவிடும். பாத்திரத்தை லேசாக ஆட்டிவிட்டால் போதும், நான்கு சொட்டு எலுமிச்சைச் சாறும் விடலாம். தொடக்கத்தில் தோல் மங்கலாக, வெந்த காய்போல இருக்கும். போகப்போக ஓரத்திலிருந்து ஒளி புகத் தொடங்கும். ஒரு துண்டை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தால் மறுபக்கம் தெரியும்போது, பாகும் வற்றிக் கம்பிப் பதத்துக்கு வந்திருக்கும். கம்பித் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஓர் இரவு விட்டு, காலையில் சர்க்கரையில் புரட்டினால் தோற்கண்டு தயார். சென்னை மாதிரிக் கடல்காற்று ஊரில் உடனே டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள், இல்லையென்றால் பிசுபிசுக்கும்.

அடியில் மிஞ்சும் பாகைக் கொட்டிவிடாதீர்கள். தேநீருக்கு அதைப்போல ஒன்று கிடையாது.

இதையெல்லாம் செய்யும்போது எனக்கு ஆச்சி போடும் உப்பு நாரத்தங்காய்தான் நினைவுக்கு வரும். காயைத் துண்டாக்காமல், கத்தியைச் சுற்றிச் சுற்றி ஓட்டிச் சுருள் மாதிரி அரிந்து, இடுக்கெல்லாம் கல்லுப்பை அடைத்து ஜாடியில் போடுவாள். ஊறியதும் பகலில் வெயிலில் வைத்து, சாயங்காலம் மறுபடி ஜாடிக்கே திருப்புவாள். அவள் உப்பால் செய்ததைத்தான் நாம் சர்க்கரையால் செய்கிறோம். கிருமி வாழத் தேவையான ஈரத்தைத் தோலுக்குள் விட்டுவைக்காமல் செய்வதே இரண்டிலும் நடப்பது. பாகூட்டியது தோற்கண்டு, உப்பூட்டியது நாரத்தங்காய் வற்றல். நமக்கு அந்தத் தோலும் அந்த வேலையும் எப்போதோ பழகியதுதான்.

இலங்கைக்காரர்கள் இதில் நமக்கு ஒரு படி முன்னால். கிறிஸ்துமஸ் கேக்குக்கு நீற்றுப்பூசணியைப் பாகில் போட்டு எடுத்து 'தோசி' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். இனிப்பு என்று பொருள்படும் போர்த்துக்கீசியச் சொல் 'தோசெ'யிலிருந்து வந்தது அது. இரவல்தான், ஆனாலும் நாவுக்குப் பழகி வீட்டுச் சொல்லாகிவிட்டது.

போன மார்கழியில் ஒரு பாட்டிலில் 'நாரத்தைத் தோற்கண்டு' என்று சீட்டு ஒட்டி அத்தைக்குக் கொடுத்தனுப்பினேன். விளக்கம் எதுவும் எழுதவில்லை. பொங்கல் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டாள். "ஏம்மா, அந்தத் தோற்கண்டு தீர்ந்துபோச்சு. பிள்ளைங்க இருக்க விடல. இன்னும் கொஞ்சம் இருந்தா குடுத்து விடேன்."