ஹெர்ப்பெடிக்: ஊர்ந்து வந்த ஒரு சொல்

மருத்துவ அறிக்கையில் நோயின் பெயருக்கு முன்னால் ‘ஹெர்ப்பெடிக்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. பாலுறவால் பரவும் நோய் என்ற ஒரே பொருளில்தான் அந்தச் சொல் அவர்கள் காதில் விழுந்திருக்கும். வீட்டில் யாரிடமும் காட்டாமல் தாளை மடித்து வைத்துக்கொள்பவர்கள்கூட உண்டு. அந்த வேதனை தேவையே இல்லை. ஒரு குழந்தையின் வாய்ப்புண்ணுக்கும், ஒரு முதியவரின் கண்புண்ணுக்கும் இதே அடைமொழிதான்.

இது கிரேக்கச் சொல். ‘ஹெர்ப்பெயின்’ என்றால் ஊர்தல். நமக்கு இதன் உறவுக்காரர் ஒருவரை நன்றாகவே தெரியும்: சர்ப்பம். வடமொழியில் ‘ச’ இருக்கும் இடத்தில் கிரேக்கத்தில் ‘ஹ’ வருவது வழக்கம். ஏழைக் குறிக்கும் ‘சப்த’ அங்கே ‘ஹெப்டா’ ஆவது போல. சர்ப்பமும் ஹெர்ப்பெஸும் ஒரே வேரில் பிறந்தவை. பாம்புகளையும் பல்லிகளையும் ஆராயும் துறைக்கு ஹெர்ப்பெட்டாலஜி என்று பெயர் வந்ததும் அதனால்தான்.

ஆனால் பழைய கிரேக்க மருத்துவர்களுக்கு வைரஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. தோலில் மெல்ல ஊர்ந்து பரவுகிற புண் எதுவானாலும் அது அவர்களுக்கு ஹெர்ப்பெஸ். கண்ணுக்குத் தெரிந்த தோற்றத்தை வைத்து இட்ட பெயர் அது. இன்று மருத்துவர் ‘ஹெர்ப்பெடிக்’ என்று எழுதும்போது தோற்றத்தைச் சொல்லவில்லை, காரணத்தைச் சொல்கிறார். ஹெர்ப்பெஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் இரண்டு வகை. இவை இரண்டில் ஒன்று, அல்லது சின்னம்மையையும் அக்கியையும் உண்டாக்கும் ஜோஸ்டர் வைரஸ், இந்த நோய்க்குக் காரணம் என்பதே அதன் பொருள். இவற்றில் சிம்ப்ளெக்ஸ் முதல் வகை மிகப் பரவலானது. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 50 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பேர் உடலில் அது இருக்கிறது. பெரும்பாலும் சிறு வயதிலேயே எச்சில் வழியாக வந்து சேர்ந்திருக்கும்.

காரணத்தைச் சொல்லும் சொல் என்பதால் சிகிச்சையே அதை வைத்து மாறுகிறது. விரல் நுனி வீங்கித் தெறிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நகச்சுத்தி என்றால் பாக்டீரியா வேலை. சீழ் கட்டியிருந்தால் கீறி வெளியேற்றுவார்கள். அதுவே ஹெர்ப்பெடிக் நகச்சுத்தி என்றால் கத்தி வைக்கக்கூடாது. உள்ளே இருப்பது சீழ் அல்ல, வைரஸ் நிறைந்த கொப்புள நீர். கீறினால் தொற்று பரவும், புதிதாக பாக்டீரியாவும் உள்ளே நுழையும். பேசாமல் விட்டாலே இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும். நோயாளிகளின் வாயைத் தொட்டு வேலை செய்யும் பல் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வாய்ப்புண்ணோடு விரல் சூப்பும் குழந்தைகளுக்கும் இது வரும்.

கண்ணில் இன்னும் கவனம் வேண்டும். ஹெர்ப்பெடிக் கெரடைட்டிஸ் என்பது கருவிழியை மூடியிருக்கும் கார்னியாவில் வரும் தொற்று. ஒரு சொட்டுச் சாயம் விட்டு நீல ஒளியில் பார்த்தால் கிளை பிரிந்த மரம் போலப் புண் தெரியும். கண் சிவந்திருக்கிறதே என்று பழைய ஸ்டீராய்டு சொட்டுமருந்தை நாமாக எடுத்துப் போட்டால் அந்த மரம் கிளைவிட்டு வளரும், பார்வையே பறிபோகலாம். அப்புறம் ஹெர்ப்பெடிக் மூளைக்காய்ச்சல். இது அரிது, ஆனால் கொடியது. சிகிச்சை இல்லையென்றால் பத்தில் ஏழு பேர் இறந்துவிடுவார்கள். அதனால் தண்டுவட நீர்ப் பரிசோதனையின் முடிவுக்குக்கூடக் காத்திருக்காமல், சந்தேகம் வந்தவுடனே அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை ஏற்றத் தொடங்குகிறார்கள்.

அந்த மருந்தின் வேலை அழகானது. அசைக்ளோவிர் தானாக எதுவும் செய்யாது. வைரஸ் தனக்காக உருவாக்கும் ஒரு நொதிதான் அதைத் தூண்டிவிடுகிறது. தொற்றிய செல்லுக்குள் போனால் விழித்துக்கொள்ளும். வைரஸ் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது இடையில் புகுந்து நிறுத்திவிடும். நல்ல செல்களை ஏறக்குறைய தொடாது. இதன் பின்னணியில் இருந்த கெர்ட்ரூட் எலியன் 1988-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனாலும் மருந்துக்கு ஓர் எல்லை உண்டு. முதல் தொற்றின்போதே வைரஸ் நரம்பு வழியே ஏறி நரம்பு முடிச்சில் போய்ப் படுத்துவிடுகிறது. அங்கே அது படியெடுப்பதில்லை, நிறுத்துவதற்கும் ஒன்றும் இல்லை.

சின்னம்மை வைரஸும் அப்படிப் பல பத்தாண்டுகள் படுத்திருந்துதான் அக்கியாகத் திரும்புகிறது. கொப்புளம் உலர்ந்து மூன்று மாதம் கழிந்தும் அந்த இடம் எரிந்துகொண்டே இருந்தால், அறிக்கையில் ‘போஸ்ட்’ என்ற முன்னொட்டு சேர்ந்துகொள்ளும். போஸ்ட் ஹெர்ப்பெடிக் நியூரால்ஜியா, அதாவது அக்கிக்குப் பின்னான நரம்பு வலி. சட்டைத் துணி உரசினாலே துடிக்க வைக்கும் வலி அது. தோலில் எதுவும் தெரியாததால் சுற்றியிருப்பவர்கள் நம்புவதில்லை. நம்புங்கள், சேதமான நரம்பு உண்மையாகவே வலியை அனுப்பிக்கொண்டிருக்கிறது.

சரி, ‘ஹெர்ப்’ என்று தொடங்குவதெல்லாம் இந்த வைரஸ்தானா? இல்லை. எப்ஸ்டைன்-பார் வைரஸும் சைட்டோமெகலோ வைரஸும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை, ஆனால் அவற்றின் நோய்களை யாரும் வழக்கத்தில் ஹெர்ப்பெடிக் என்று சொல்வதில்லை. குழந்தைகளின் தொண்டையில் வரும் ஹெர்ப்பாஞ்சினா வேறொரு கூட்டமான காக்ஸாக்கி வைரஸின் வேலை. ‘ஹெர்ப்பெடிஃபார்ம்’ என்று முடிந்தால் ஹெர்ப்பெஸ் போலத் தோற்றமளிப்பது என்று மட்டுமே பொருள். 1884-ல் அமெரிக்கத் தோல் மருத்துவர் லூயி டூரிங் பெயரிட்ட டெர்மடைட்டிஸ் ஹெர்ப்பெடிஃபார்மிஸ் அப்படிப்பட்டது. கொத்துக்கொத்தாகக் கொப்புளம், தாங்கமுடியாத அரிப்பு. வைரஸ் எதுவும் அதில் இல்லை, அது யாருக்கும் தொற்றாது. கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தை உடல் ஏற்க மறுப்பதுதான் காரணம். அசைக்ளோவிர் அங்கே பயன்படாது. குளூட்டனை நிறுத்த வேண்டும்.